நாற்பதில் நிற்காத கால்

"நாற்பத்தெட்டு," என்றார் கிளைவ். செல்போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பிடித்தாலும் நாற்பத்தெட்டுதான்.

நாற்பதில் நிற்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே எட்டு மாதமாக ஆறாத புண். அதை ஆற்றுவதற்காக முழங்கால் வரை இறுக்கிக் கட்டிய பட்டி. பட்டிக்குள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவி. பட்டி காலை எவ்வளவு அழுத்துகிறது என்று போனுக்கும் கிளினிக்குக்கும் அது சதா கோள்மூட்டிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை வரை நாற்பதை ஒட்டி நின்றால் சனிக்கிழமை பௌல்ஸ் இறுதி ஆட்டத்தில் பந்து உருட்டலாம். இல்லையென்றால் ஆஸ்பத்திரிப் படுக்கைதான் என்று நர்ஸ் டிரேசி கறாராகச் சொல்லிவிட்டாள்.

எதிர்த்து ஆடப்போவது ஐந்து வீடு தள்ளி இருக்கும் நெவில். ஐந்து வருடக் கோப்பைகளையும் தெருவைப் பார்த்த ஜன்னலில் வரிசையாக வைத்திருப்பவன். அவனுக்கும் காலில் புண். திங்கட்கிழமை இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, இருவர் போனையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு, தன் மருமகளைப் பற்றிக் குறை பேசியபடியே கருவிகளை இணைத்துக் கட்டி அனுப்பினாள் டிரேசி.

"காலைப் பாத்துக்க கிளைவ். தோக்குறதுக்காவது நீ வரணும்ல," என்றான் நெவில், கிளம்பும்போது.

அன்றிலிருந்து கிளைவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஒரு சுத்து தளர்த்திப் பாரேன்," என்றாள் மனைவி பெரில்.

தளர்த்தினார். அரை மணி நேரத்தில் ஐம்பத்தைந்து.

"தளர்த்தினியா, இறுக்கினியா?"

"எது தளர்த்துறது, எது இறுக்குறதுன்னு எனக்குத் தெரியாதா?"

"டிவி சத்தத்தைக் குறைன்னா கூட்டுற ஆளுதானே நீ."

மூன்று தலையணை அடுக்கிக் காலைத் தூக்கி வைத்தார். அறுபது. ஐஸ் பெட்டியிலிருந்த பட்டாணிப் பொட்டலத்தைப் பாதத்தில் வைத்தார். அறுபத்தாறு. பயந்துபோய் பட்டியின் மேலிருந்த இரண்டு ஒட்டுகளைப் பிரித்துவிட்டார். எழுபத்தைந்து.

புதன்கிழமை காலையில் டிரேசி கூப்பிட்டாள்.

"என்ன கிளைவ் பண்றீங்க? எழுபத்தஞ்சு காட்டுது."

"ஒண்ணுமே பண்ணல. சும்மா படுத்திருக்கேன்."

"தளர்த்துங்க."

"தளர்த்திட்டுத்தான் இருக்கேன். அது பழைய சாக்ஸ் மாதிரி கணுக்கால்ல கெடக்கு."

"இன்னும் தளர்த்துங்க. இருங்க, இன்னொரு லைன்ல கூப்பிடுறாங்க."

வியாழக்கிழமை பொறுமை போய்விட்டது. பட்டியை அடியோடு கழற்றி நாற்காலி மேல் வீசினார். அதற்குள் கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. போன் தொண்ணூற்றிரண்டு என்றது. சொல்லிவைத்த மாதிரி டிரேசியும் கூப்பிட்டாள்.

"கிளைவ், தொண்ணூத்திரண்டு. ரத்த ஓட்டமே நின்னுடும்."

"பட்டி நாற்காலி மேல இருக்கு."

"அது மேல உக்காந்திருக்கீங்களா?"

"நான் சோபாவுல இருக்கேன். பட்டி மட்டும்தான் நாற்காலில."

மறுமுனையில் டிரேசி எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"அப்போ நாற்காலில இருக்கறதையே கொஞ்சம் தளர்த்திப் பாருங்களேன்."

பெரில் போனைப் பிடுங்கி, வீங்கிய காலைப் படமெடுத்து அனுப்பினாள். மறுநிமிடமே டிரேசியின் பதில் வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கைக்குச் சொல்லிவிட்டாளாம், சனிக்கிழமையை மறந்துவிடச் சொன்னாள்.

"இந்த வருஷம் அவனை ஜெயிச்சிருப்பேன் பெரில்," என்றார் கிளைவ். "சத்தியமா ஜெயிச்சிருப்பேன். இனி காலம் பூரா அந்த ஜன்னலைப் பாத்துக்கிட்டே நடக்கணும்."

பெரிலுக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்போது கதவைத் தட்டாமலே மூச்சிரைக்க உள்ளே வந்தாள் நெவிலின் மனைவி ஷர்லி.

"பெரில், உங்க வீட்ல பெரிய கத்தரிக்கோல் இருக்கா? மூணு நாளா நெவில் போன்ல நம்பர் இறங்கிட்டே போகுது, டிரேசி வேற இறுக்கு இறுக்குங்கறா, அவரும் பட்டி பத்தாம பைப்புக்கு ஒட்டுற டேப்பையும் மேல சுத்தி இறுக்கிட்டாரு. கால் கத்தரிக்காய் கலர்ல இருக்கு, ஆனா போன் மட்டும் இப்போ சைபர்னே காட்டுது."