சத்தம் பொறுக்காத யாளி

இது நடந்தது யுத்தம் முடிந்த வருஷமா, அதற்கு அடுத்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்த அன்று மழை தூறியதாக எனக்கு ஞாபகம். கொளுத்தும் வெயில் என்று, என்னோடு மூன்றாம் வகுப்பில் படித்த அம்பி சத்தியம் செய்கிறான். யாளி விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேற்றுமை கிடையாது.

"சார், எம் பொண்ணை இன்னா பண்ணீங்க?" என்று எல்லம்மாள் மூன்றாம் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "வூட்ல வாயே தொறக்க மாட்றா. பசிக்குதான்னா தலைய ஆட்றா. வேப்பிலை அடிச்சேன். அதுக்கும் ஒரு சத்தம் இல்லை!"

ராஜமாணிக்கம் வாத்தியார் ஜன்னல் வழியாகத் திருத்தணி மலையைப் பார்த்தார். யாராவது கேள்வி கேட்டால் அவர் முதலில் மலையைத்தான் பார்ப்பார். பதில் பிறகு வரும். சில நாட்களில் வராமலும் போகும்.

அவருக்குச் சத்தம் ஆகாது. வேலையோ தற்காலிகம். இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்துச் சரி என்றால் நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வகுப்போ காய்கறிச் சந்தை மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அடிக்க அவருக்குக் கை வராது. அதனால் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கதையைக் கடைசி மணியில் படித்துக் காட்டத் தொடங்கினார். மூடுபனி மலையில் வாழும் ஒரு யாளியின் கதை. சிங்க முகம், யானைத் துதிக்கை, பசுங்கன்றின் மனசு. பனித்துளிதான் ஆகாரம். யாராவது உரக்கக் கத்தினால் பாவம், ஒரு விரற்கடை குறுகிவிடும்.

"சார், அது நம்ம மலையில கீதா?" என்று எல்லம்மாளின் மகள் சந்திரா கேட்டாள்.

வாத்தியார் வழக்கம்போல மலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்த மௌனத்தை வகுப்பு முழுவதும் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. தலைமை ஆசிரியர் நாராயணசுவாமியே எட்டிப் பார்த்து, "என்ன மருந்து ஓய் கொடுத்தீர்?" என்று அதிசயப்பட்டார். மலையில் யாளி இல்லை என்று சொல்ல வாத்தியாருக்கு மனசு வரவில்லை.

இப்போது எல்லம்மாளை அனுப்பிவிட்டு வகுப்பைப் பார்த்துச் சொன்னார். "பேசலாம் பசங்களா. மெதுவாப் பேசினா யாளிக்கு ஒண்ணும் ஆகாது. கத்தத்தான் கூடாது."

மறுநாள் சந்திராவின் அப்பா துளசிங்கம் வந்தார். மலையடிவாரத்தில் காவடிக்குப் பூ விற்பவர். அவர் குரல் ரயிலடிவரை எட்டும்.

"சார், நான் பூ கூவ வாணாமா? வாயத் தொறந்தா, நைனா கத்தாதன்னு கையை வச்சுப் பொத்துது. எதிர்க்கடைக்காரன் கூவிக் கூவி வித்துகினு போறான். எம் பூ வாடிகினு கீது!"

"நான் சொல்லி வைக்கிறேன்."

"நீங்க சொல்லித்தான் சார் இப்படி ஆச்சு!"

அதோடு போகவில்லை. ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. காவடிகள் இப்போதே வர ஆரம்பித்துவிட்டன. பள்ளிக்கூடம் விட்டதும் மூன்றாம் வகுப்பு மொத்தமும் மலைப்படி அடியில் வரிசையாக நின்று, 'அரோகரா' போட்டுக்கொண்டு வந்தவர்களை எல்லாம் வாயில் விரல் வைத்து, "உஷ்!" என்றது. புத்தூர்ப் பக்கத்திலிருந்து நடந்தே வந்த ஒரு பெரியவர், வேண்டுதல் கெட்டது என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

நாராயணசுவாமி கூப்பிட்டு அனுப்பினார். "ஓய், முருகன் சந்நிதியிலே அரோகராவை நிறுத்தறதுக்கு நீர் யார்? திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றார். உம்ம வேலை இன்னும் நூலிலே தொங்கறது, ஞாபகம் இருக்கட்டும்!"

அவர் கத்தக் கத்த ராஜமாணிக்கம் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

வகுப்புக்குத் திரும்பியவர், முதல் தடவையாக மலையைப் பார்க்காமலே பேசினார். "அரோகரா மட்டும் வேற விஷயம். அது யாளிக்குச் சாப்பாடு மாதிரி. கேக்கக் கேக்க வளரும்."

கோவில் மடைப்பள்ளியில் சமைப்பவரின் பிள்ளை அம்பி எழுந்து நின்றான். "புஸ்தகத்திலே அப்படி இல்லையே சார்? பனித்துளின்னுதானே இருந்தது?"

"அடுத்த அத்தியாயத்துல வருது," என்றார் வாத்தியார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து தினம் விடியற்காலை அவர் மலையேறினார். படிவழி மண்டபத்துத் தூண் ஒன்றில் ஒரு யாளி உண்டு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதன்மேல் ஜாண் வைத்து அளந்தார். ஒரு நாள் அது முந்தின நாளைவிடச் சற்று உயர்ந்தாற்போல இருந்தது. கல் எப்படி உயரும் என்று தம்மையே கடிந்துகொண்டு, இன்னொரு முறை அளந்தார்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். சித்தூர்க்காரர், கோட்டு, தலைப்பாகை, நெற்றியில் கோபி சந்தனம்.

"ஏழெட்டு எத்தனை?"

"ஐம்பத்தாறு, அரோகரா!" என்றது வகுப்பு.

இன்ஸ்பெக்டரின் கைகள் தாமாகவே தலைக்குமேல் குவிந்தன. கையிலிருந்த பேனா கீழே உருண்டது. "ஏமய்யா இது?" என்று வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் மலையைப் பார்த்தார்.

"நம்ம ஜில்லா எது?"

"சித்தூர், அரோகரா!"

மறுபடி கை மேலே போனது. இந்தத் தடவை தலைப்பாகை சரிந்தது. அதற்குள் தெருவில் போன காவடிக் கூட்டம் இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதிலுக்கு "அரோகரா!" போட்டது. உள்ளே அன்னதானமாக்கும் என்று நினைத்து இரண்டு காவடிகள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தன. பின்னாலேயே பம்பை, உடுக்கை. அவற்றின் பின்னால் பூக்கூடையோடு துளசிங்கம். "மல்லி! சாமந்தி! காவடிக்குப் பூவே!" என்று, அடைத்து வைத்திருந்த குரலையெல்லாம் அவிழ்த்துவிட்டார். யாரோ ஒருவர் இன்ஸ்பெக்டர் நெற்றி நிறைய விபூதி பூசினார். நாராயணசுவாமி, "வெளியே போங்கோ! வெளியே போங்கோ!" என்று கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. ராஜமாணிக்கம் சுவரோடு சுவராக நின்று, வேலை போயிற்று என்று முடிவுகட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாம் அடங்கியபின் இன்ஸ்பெக்டர் பேனாவைத் தேடி எடுத்து எழுதினார்: 'மாணவர்களுக்குப் பக்தி அதிகம். கணக்கு பரவாயில்லை. இத்தனை இரைச்சலிலும் வகுப்பாசிரியர் ஒரு வார்த்தை உரத்துப் பேசவில்லை. அபூர்வமான பொறுமை. நிரந்தரமாக்கலாம்.'

அப்படித்தான் ஆயிற்று. காலி இடம் மணவூரில் இருந்ததால் அவரை அங்கே போட்டார்கள். நாராயணசுவாமி ஓய்வு பெற்று, அரக்கோணத்தில் மகனுடைய ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனார். அங்கே என்ஜின் சத்தத்தில் அவர் கத்துவது எடுபடவில்லை. துளசிங்கம் பள்ளிக்கூட வாசலிலேயே கடை போட்டார். பின்னாளில் அம்பி மடைப்பள்ளி வேலைக்குப் போனான். சந்திரா வாத்தியாரம்மா ஆனாள், அதே மூன்றாம் வகுப்புக்கு.

ராஜமாணிக்கம் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று வகுப்பு முழுவதும் ரயிலடிக்கு வந்திருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் மலையையே பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "யாளியைப் பாத்துக்குங்க பசங்களா," என்றார்.

"ஆங் சார்!" என்று எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

வண்டி மெல்ல நகர்ந்தது. எல்லம்மாள் மகளின் தோளைத் தட்டி, "ஏண்டி, நெசமாவே மலை மேல யாளி கீதா?" என்றாள்.

சந்திரா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனாலும் ஜன்னலோரம் இருந்தவருக்கு அது தெளிவாகக் கேட்டது.

"அதெல்லாம் கெடையாதுன்னு எங்களுக்கு மொதல்லயே தெரியும்மா. பாவம், சார்தான் நம்பிகினு தெனம் தூணை அளந்துகினு இருந்தாரு. சொன்னா அழுதுடுவாருன்னுதான் நாங்க யாரும் சொல்லலை."