முழங்கால் வலியும் மலை அணிலும்

பிரம்மநாயகத்துக்கு முழங்கால் வலி சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. அதுவும் அவர் மனைவி பேராச்சி, "நாளைக்குக் கடை லீவுதான, பரண்ல ஏறி எஞ் சீர்ப் பாத்திரத்த எல்லாம் எறக்கித் தாங்க" என்று சொன்ன அதே நிமிஷத்தில் வந்தது. மும்பையில் லோக்கல் ரயிலுக்குக்கூட இப்படியொரு நேரந்தவறாமை கிடையாது.

"ஐயோ, முட்டு!" என்று கட்டிலில் சாய்ந்தார்.

"போன தீவாளிக்கு இடுப்பு. அதுக்கு முந்துன தீவாளிக்குத் தலைச்சுத்து. இப்ப முட்டா?"

"வயசாகுதுல்லா, ஏட்டி. நாளைக்குச் சான்பாடாவுல ஒரு வைத்தியர்ட்ட எண்ணெய் போடப் போறேன். நாள் முழுக்க ஆவும்."

"நான் தொணைக்கு வரட்டா?"

"ஆம்பளையளுக்கு மட்டுந்தான் பாப்பாராம்."

பிறந்த வீட்டுப் பித்தளையெல்லாம் பரணில் தூங்க, அலுமினியக் குண்டானில் தீபாவளிப் பலகாரம் செய்து பேராச்சிக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆபத்து என்பது தாராவி தொண்ணூறடி ரோட்டில் எல்லாருக்கும் தெரியும், அவள் புருஷனைத் தவிர.

விஷயம் என்னவென்றால், பிரம்மநாயகம் அண்ணாச்சியைப் புகைப்படப் பித்து பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. எதிர்த்த கடை இசக்கிப்பாண்டி தினமும் காலையில் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பூப்படம் போட்டு, "சொந்தமாக எடுத்தது" என்று எழுதுவான். ஊரே கை தட்டும். ஒரு செம்பருத்திக்கே இந்த ஆர்ப்பாட்டமா என்று பிரம்மநாயகத்துக்கு வயிறு எரிந்தது. காட்டு மிருகம் ஒன்றை எடுத்துப் போட்டு அவன் வாயை அடைத்தாலொழிய இனி உறக்கமில்லை என்று சபதமே செய்துவிட்டார். கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் யாசரிடம் ஒரு பழைய கேமராவை வாங்கி, தன் பலசரக்குக் கடையில் துவரம்பருப்பு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

ஞாயிறு விடிந்ததும் யாசரும் அவரும் கர்ஜத் லோக்கலில் ஏறி, நேரலில் இறங்கி, மாத்தேரான் மலைக்குப் போனார்கள். புரட்டாசி மாதம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மலை முழுக்கப் பச்சை, பாறைக்குப் பாறை அருவி, பள்ளத்தாக்கு நிறைய மேகம். இவ்வளவும் இருக்க, அண்ணாச்சி முதலில் எடுத்ததெல்லாம் தன் கட்டைவிரலைத்தான்.

"அண்ணாச்சி, வெரல எடுங்க. இயற்கை தெரியல."

அப்புறம் ஒரு குரங்கு வந்தது. அவர் அதைக் குறிபார்த்தார். வைத்தியர் வீட்டில் பசிக்குமே என்று பேராச்சி கட்டிக்கொடுத்த புளியோதரையை அது குறிபார்த்தது. குரங்குக்குக் குறி தப்பவில்லை.

பசியோடு நிற்கையில்தான் அது தெரிந்தது. உயரக் கிளையில், கருஞ்சிவப்பு உடம்பும் முழ நீள வாலுமாக ஒரு மலை அணில். ஆனால் கீழேயிருந்து கேமராவில் பார்த்தால் இலைதான் மறைத்தது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். பேன்ட்டைச் சுருட்டினார். எந்த முட்டைப் பிடித்துக்கொண்டு நேற்று அலறினாரோ அதே முட்டால் மரத்தைக் கவ்வி, இரண்டாம் கிளைவரை ஏறிவிட்டார். அணில் திரும்பி அவரைப் பார்த்தது. க்ளிக்!

படம் அற்புதமாக விழுந்திருந்தது. மீசை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. யாசரே வாயைப் பிளந்து, கேமரா கார்டைக் கழற்றி அண்ணாச்சி போனில் படத்தை ஏற்றி, தன் போனுக்கும் ஒன்றை ஏற்றிக்கொண்டான்.

"குரூப்ல போடுங்க அண்ணாச்சி. இசக்கிப்பாண்டி கதை கதம்!"

போடத்தான் விரல் போனது. அப்போதுதான் உறைத்தது. அந்தக் குரூப்பில் பேராச்சியும் இருக்கிறாள்! போட்டால் குட்டு உடையும். போடாவிட்டால் நெஞ்சு வெடிக்கும். நேரல் ஸ்டேஷன் குழாயில் செருப்பின் செம்மண்ணைக் கழுவும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்குள் நொண்டிக்கொண்டே நுழைந்தார்.

"வைத்தியர் என்ன சொன்னாரு?"

"ஆறு மாசத்துக்கு ஒசரமே ஏறக் கூடாதாம்."

"பாவம். உக்காருங்க" என்று காபியைக் கொடுத்த பேராச்சி, போனையும் நீட்டினாள். "இதப் பாத்தியளா? என்னமா இருக்கு அணிலு! நம்ம இசக்கிப்பாண்டி எடுத்ததாம்."

காபி மூக்கில் ஏறியது. அதே அணில். அதே மீசை.

"எவன் சொன்னான்?"

"எல்லாரும் சொல்லுதாவ. தெறமையான ஆளு. கீழ நின்னுக்கிட்டே எடுத்துட்டாராம்."

"கீழ நின்னா வால்கூடத் தெரியாதுட்டி!"

"கல்லாவுல இருக்க ஒங்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும்?"

"கூறுகெட்டவளே, அது எம் படம்!" துள்ளி எழுந்தார். "மாத்தேரான்ல நான் எடுத்தது! வழுக்குத மரத்துல, இந்தா, இப்பிடி முட்டக் குடுத்து ஏறினேன்!" என்று கதவு நிலையைக் கட்டிப்பிடித்து ஏறியும் காட்டினார். பாதி ஏறிய பிறகுதான் தான் உளறியது அவருக்கே புரிந்தது.

"யாசரு பொண்டாட்டி ஷமீமா, நீங்க எடுத்ததுன்னு சொல்லி மத்தியானமே படத்த அனுப்பிட்டா" என்றாள் பேராச்சி. "இசக்கிப்பாண்டிக்கு ஒரு எழவும் தெரியாது. எறங்காதிய. அப்பிடியே பரணுக்குத் தாவிருங்க."

தாவினார். வேறு என்ன செய்ய? அண்டா இறங்கியது, குத்துவிளக்கு இறங்கியது, இட்லிக் கொப்பரை இறங்கியது. கடைசிப் பானைக்காக மூலையில் தவழ்ந்து, தலையெல்லாம் ஒட்டடையாக, பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை வெளியே நீட்டியபோது கீழே க்ளிக் என்றது. பேராச்சி கையில் போன்.

போகட்டும், இனி மறைக்க ஒன்றுமில்லை. பரணிலேயே உட்கார்ந்து அணில் படத்தைப் போட ஆசையாகக் குரூப்பைத் திறந்தார். அவர் முகம் ஏற்கெனவே அங்கே இருந்தது. அதற்குக் கீழே இசக்கிப்பாண்டி எழுதியிருந்தான்: "அருமை மதினி! இது எந்த மலைல எடுத்திய?"