மக்காவுக்கு நடை பழகிய கதை

எங்கள் பக்கத்தில் யாரும் நடப்பதில்லை. சாய்ந்தமருதில் ஒரு மனிதன் ரோட்டோரமாக நடந்து போனால், ஒன்று அவனுடைய மோட்டார் சைக்கிள் பழுதாகியிருக்க வேண்டும், அல்லது அவன் மனைவியோடு சண்டை பிடித்திருக்க வேண்டும். மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்று ஊர் நம்பாது. இதெல்லாம் தெரிந்திருந்தும், ஹஜ்ஜுக்குப் போவதற்கு முன் நானும் என் மனைவி பரீதாவும் நடந்து பழகுவது என்று முடிவெடுத்தோம். 'முடிவெடுத்தோம்' என்பது சும்மா மரியாதைக்கு. எடுத்தவன் நான்.

ஹஜ் வகுப்பு நடத்திய மௌலவி, மினாவிலிருந்து அரபா, அரபாவிலிருந்து முஸ்தலிபா, அங்கிருந்து திரும்ப மினா என்று, மக்காவைச் சுற்றி ஹாஜிகள் போகவேண்டிய இடங்களுக்குக் காற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டி, "பஸ்ஸ நம்பி இரிக்காதீங்க. சனம் நெருங்கினா பஸ்ஸும் நிண்டுரும். நடக்கத் தெரிஞ்சவன்தான் தப்புவான்" என்றார். வகுப்பில் இருந்த எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியர். ஊருக்கு 'பீரீ சேர்'. (விளையாட்டு ஆசிரியரின் வேலை விசில் ஊதுவது, ஓடுவது பிள்ளைகளின் வேலை என்ற உண்மை ஊருக்குத் தெரியாது. என் உடம்பில் ஒழுங்காகப் பயிற்சி பெற்ற ஒரே பகுதி இரண்டு கன்னங்களும்தான்.) அத்தனை பேர் பார்க்கும்போது சும்மா இருக்க முடியுமா? "நாங்க ரெண்டு பேரும் முழுக்கக் கால்நடைதான். பஸ்ஸே வேணாம்" என்று அங்கேயே அறிவித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பரீதா கேட்டாள்: "என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா மச்சான்?"

"ஒனக்கும் சேத்துத்தானே பழக்கப் போறன்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வயிறு இருக்கும் இடத்தில் பார்வை கொஞ்சம் தங்கியது.

முதல் நாள் நான் புதுச் சப்பாத்து, கழுத்தில் விசில் சகிதம் புறப்பட்டேன். பரீதா றப்பர் செருப்பும் குடையும். மாளிகைக்காடு சந்தி வருவதற்குள் அவள் எனக்கு முன்னால் போய், தெரிந்த பெண் ஒருத்தியோடு நின்று ஊர்க்கதை எல்லாம் கதைத்து முடித்து, நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் மறுபடியும் புறப்பட்டிருந்தாள். எனக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. "சேர், பைக்குக்கு என்ன?" "சேர், ஊட்டுல ஏதும் பிரச்சினையா?" நாலாவதாக நின்றவன் என் பழைய மாணவன். "ஏறுங்க சேர்" என்று அவ்வளவு அன்பாகக் கேட்டால் எப்படி மறுப்பது? பரீதா நடந்து வந்து சேர்ந்தபோது நான் வீட்டில் விசிறியின் கீழ் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நடைக்கு இடையூறாக இன்னொன்றும் இருந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய்ப் 'பயணம் சொல்ல' வேண்டும். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்க வேண்டும். அவர்களும் மனம் பொருந்தி மாப்புத் தருவார்கள். அத்தோடு விட்டால் பரவாயில்லை. மாட்டிறைச்சி புரியாணியும் தருவார்கள், வட்டிலப்பமும் தருவார்கள். ஒரு வீட்டில் தின்று இன்னொரு வீட்டில் தின்னாவிட்டால் அது புதுப் பிழை, அதற்குத் தனியாக மாப்புக் கேட்க வேண்டும். 'நடந்து போய்ப் பயணம் சொன்னால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்' என்று நான் போட்ட திட்டத்தின் பலனாக, நடக்க நடக்க என் சாரத்தின் இடுப்பு இறுகிக்கொண்டே வந்தது.

ஊரில் எல்லா வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அது பக்கத்து வீடு.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண் வீட்டுக்குத்தான் போவான். மாமனார் தன் வளவை இரண்டாக்கி, இரண்டு மகள்மாருக்கும் ஒரே மாதிரி இரண்டு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். ஒன்றில் நாங்கள், மற்றதில் பரீதாவின் ராத்தாவும் என் சகலன் லாபிர் காக்காவும். மூன்று வருடத்துக்கு முந்திய ஹஜ்ஜுப் பெருநாளில் நானும் அவரும் ஒரே குர்பான் மாட்டில் பங்கு சேர்ந்திருந்தோம். இறைச்சி பங்கு வைத்தவர் அவர். பங்குகள் எல்லாம் சரியாக வந்தன, ஈரலைத்தான் காணவில்லை. நான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 'மாட்டுக்கு நாலு கால், ஈரலுக்கு எத்தனை கால்?' என்று எழுதினேன். மருமக்கள் எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். லாபிர் காக்கா குழுவிலிருந்து விலகினார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் மதிலைப் பார்ப்பார். நானும் மதிலைப் பார்ப்பேன். அக்காவும் தங்கையும் மட்டும் அதே மதிலுக்கு மேலால் கறிக்கோப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"காரைதீவு மட்டுக்கும் நடக்கிறீங்க, நிந்தவூர் மட்டுக்கும் போறனெண்டு சொல்றீங்க, இந்த ஊட்டுக்கு நடக்க ஏலாதா?" என்று பரீதா கேட்டாள்.

"ஈரலக் களவெடுத்தவன்தான் மாப்புக் கேக்கணும்" என்றேன்.

"அப்ப நீங்க தனியப் போங்க. லாபிர் மச்சாண்ட மாப்பு இல்லாம நான் ஒங்களோட பிளேன் ஏற மாட்டன்."

பரீதா கோபத்தில் சொன்னால் பயமில்லை. அவள் இதைச் சொன்னது வெங்காயம் உரித்துக்கொண்டு, சாதாரணக் குரலில். ஆனாலும் நடந்து பழகுவதை விட்டுவிட்டு மாப்புக் கேட்டுப் பழக எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பதிலாக இன்னும் பெரிய பயிற்சி ஒன்றை யோசித்தேன். 'இஹ்ராம் உடுப்பை வீட்டில் கட்டிப் பழகுங்கள்' என்று மௌலவி சொல்லியிருந்தார். இஹ்ராம் என்பது ஆண்களுக்குத் தைக்காத இரண்டு வெள்ளைத் துணி. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. உள்ளே வேறு எதுவும் கிடையாது. எதுவும் என்றால் எதுவும். வீட்டுக்குள் கட்டிப் பழகி என்ன பயன், கடற்கரையில் கட்டி நடந்தால்தானே உண்மையான பயிற்சி என்று நினைத்தேன். அரபு வெயிலுக்கு உடம்பைக் குளிராக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு பெரிய கோப்பை கற்றாழைச் சாறும் குடித்தேன். பரீதா வெறும் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டாள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படித்துக்கொண்டிருந்ததால் வீட்டைப் பூட்டித் திறப்பை நான் எடுத்தேன். இஹ்ராமுக்குப் பொக்கற் இல்லை. தோள்துணியின் மூலையில் திறப்பை முடிந்துகொண்டேன்.

கச்சான் காற்று வீசுகிற காலம். கடற்கரைக்கு இறங்கியதுமே தோள்துணி பறக்கத் தொடங்கியது. மேல்துணியைப் பிடித்தால் கீழ்த்துணி, கீழ்த்துணியைப் பிடித்தால் மேல்துணி. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் இழுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்படியே காரைதீவுப் பக்கம் போனபோது, கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிற கூட்டம் ஒன்று மரநிழலில் களைப்பாறிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ நடந்து வந்து, இன்னும் காடு வழியே நடக்கப் போகிறவர்கள். அவர்களில் ஒரு அம்மா என் வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு, "சாமியும் கதிர்காமமா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, மக்கா" என்றாள் பரீதா.

"முருகா! நடந்தா?"

"நடந்துதான். பழகிக்கொண்டிருக்கன்" என்றேன் நான்.

அந்த அம்மா வடக்கே ஒருமுறை, தெற்கே ஒருமுறை பார்த்துவிட்டு, "அது கொஞ்சம் தூரம் சாமி" என்றார்.

பரீதா குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில்தான் கற்றாழைச் சாறு தன் வேலையைத் தொடங்கியது.

திரும்பி நடந்தேன். முதலில் வேகமாக. பிறகு மெதுவாக, முழங்கால்களை ஒட்டிக்கொண்டு. பிறகு மறுபடியும் வேகமாக. வழியில் பள்ளிவாசல் ஒன்று வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று அங்கே திரும்பினால், வாசலில் மௌலவியும் ஹஜ் வகுப்புக் கூட்டமும். 'பஸ்ஸே வேணாம்' என்று சொன்ன வாய், அவர்களுக்கு முன்னால் இந்தக் கோலத்தில் போய்க் கக்கூசைக் கேட்க மறுத்தது. வீடு கிட்டத்தானே என்று ஓடினேன். பயிற்சி தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகப் பரீதாவை முந்தினேன்.

வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்று தோள்துணியின் மூலையைப் பார்த்தேன். முடிச்சும் இல்லை, திறப்பும் இல்லை. கடற்கரை முழுவதும் பறந்த துணியில் அது எங்கே விழுந்ததென்று கடலுக்குத்தான் தெரியும். ஒரு பக்கத்தில் கட்டி முடியாத வெறும் வீடு. மறுபக்கம் சகலன்.

அந்தக் கேற்றை நான் எப்படித் தட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. திறந்தவர் லாபிர் காக்காவேதான். என்னைப் பார்த்தார். இஹ்ராம் உடுப்பு. கண்ணில் தண்ணீர். நெற்றியில் வேர்வை. இரண்டு கையும் வயிற்றில். உடம்பெல்லாம் நடுக்கம்.

"தம்பி!" என்றவரின் குரல் உடைந்தது. "மாப்புக் கேக்க இஹ்ராமோட வந்துட்டியா?"

என்னை அப்படியே இழுத்துக் கட்டிப்பிடித்தார். லாபிர் காக்கா நெல் ஆலை வைத்திருப்பவர், நெல் மூட்டையைத் தனியாகத் தூக்குகிறவர். அந்தப் பிடி இறுக இறுக என் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது.

"நான்தான் தம்பி பிழ. ஈரல நான்தான் எடுத்த. ஆசையில எடுத்துட்டன், பொறவு சொல்ல வெக்கம். மூணு வருஷமா அந்த ஈரல் என்ட தொண்டைக்குள்ளயே நிக்கிது!"

பின்னால் ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் ஹஜ்ஜிட பரக்கத்து" என்றார்.

"காக்கா..." என்றேன்.

"சொல்லு தம்பி. மனசில உள்ளதெல்லாம் சொல்லு."

"கக்கூசு எங்க?"

பிடி தளர்ந்தது. அவர் பதில் சொல்லும்வரை நான் நிற்கவில்லை. மாமனார் இரண்டு வீட்டையும் ஒரே பிளானில் கட்டியிருந்தார். கேட்டிருக்கவே தேவையில்லை.

உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் வந்து நின்றது.

"அப்ப சேர் மாப்புக் கேக்க வரல்லையா?"

தம்பி மறுபடியும் சேராகிவிட்டான். கக்கூசுக்குள் இருக்கும்போது கதைக்கக் கூடாது, ஸலாம் சொன்னாலும் பதில் சொல்லக் கூடாது என்பது சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லித் தருகிற ஒழுக்கம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

"சரி சேர். வேல முடிஞ்சா கேற்றச் சாத்திட்டுப் போங்க."

காலடி திரும்பிப் போகத் தொடங்கியது. பரீதா பிளேன் ஏறமாட்டாள் என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது, பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த மனிதருடைய உடைந்த குரல் நினைவுக்கு வந்தது. யாராலும் நிரூபிக்க முடியாத தன் களவைத் தானே சொல்லி அழுதவர். நானோ சிரிப்புப் பொம்மைகளை எண்ணி மகிழ்ந்தவன். எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. ஒழுக்கத்தை அல்லாஹ் பொறுப்பான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே இருந்தபடியே கத்தினேன்.

"காக்கா! மாப்பு! குறூப்பில எழுதினதுக்கு மாப்பு! சனத்துக்கு முன்னால ஒங்கள வெக்கப்படுத்தினதுக்கு மாப்பு!"

காலடி நின்றது.

"உள்ளுக்கிருந்து கேக்கிற மாப்பு செல்லாது" என்றார் லாபிர் காக்கா. "வெளிய வந்து கேளு."

கதவுக்கு மேலால் ஒரு சாரம் வந்து விழுந்தது. (சாரம் ஏன் தேவைப்பட்டது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.) அதைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, முறைப்படி ஸலாம் சொல்லி, மறுபடியும் மாப்புக் கேட்டேன். பரீதா குடையோடு வந்து சேர்ந்தபோது நாங்கள் இரண்டு பேரும் தோளில் தோள் சாய்ந்து விம்மிக்கொண்டிருந்தோம். அவள் என்னைப் பார்த்தாள், நான் கட்டியிருந்த அவருடைய சாரத்தைப் பார்த்தாள், "திறப்பு எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஹஜ் வகுப்பில் பெண்கள் பக்கமிருந்து ஒரு கேள்வி வந்தது. "மௌலவி, கக்கூசுக்குள்ள இருந்து கேட்ட மாப்பு செல்லுமா?" எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஹஜ்ஜில் மினாவிலிருந்து அரபாவுக்கு நடந்தோமா என்றால், பரீதா நடந்தாள். நான் அவளுடைய குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுபட்டுப் போனேன்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் மாப்புக் கேட்டால், "உள்ளுக்கிருந்தா, வெளிய இருந்தா?" என்று சின்னப் பிள்ளைகளே கேட்கிறார்கள். லாபிர் காக்கா ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட வருடம் பயணம் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸலாம் சொன்னார். கூடத்தில் சனம் நிறைந்திருந்தது. அவர் யாரையும் பார்க்காமல் நேரே போய் எங்கள் கக்கூசுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு, "தம்பி, மாப்பு!" என்று கத்தினார். வீடே அதிர்ந்து சிரித்தது.

நான் கதவடியில் போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், எல்லோரும் அதற்காகவே காத்திருந்தார்கள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. அவரும் உடனே வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே தண்ணீர்க்குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார்.