புழு தின்ற படங்கள்

தெரியாதவர் கதவைத் தட்டினால் யாரென்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறோம். தெரிந்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால், சாப்பிட்ட கையோடு ஓடிப்போய்த் திறந்துவிடுகிறோம். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் வைரஸ்போலப் பரவும் புழுவைப் படைத்தவனுக்கு நம்முடைய இந்தக் குணம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அருப்புக்கோட்டையில் என் அண்ணன் தங்கராஜ் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்திருந்த நான் அங்கே கல்யாண ஆல்பம் போடுவேன். மூன்று கம்ப்யூட்டர்களை வயரால் இணைத்து, ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் திறக்கும்படி வைத்திருந்தேன். (அந்தப் பெருமையைக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் விளக்குவேன். பாவம், பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தவர்கள்.)

அண்ணனின் மனைவி எஸ்தர் மதினி, கைக்குழந்தையான மகளை விட்டுவிட்டு மஞ்சள்காமாலையில் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிற சமயம் அது. நினைவு ஜெபத்துக்கு நல்ல படமாக ஒன்றைப் பெரிதாக்கி வைக்க வேண்டும். கல்யாண ஆல்பம் உதவாது. அதில் மதினி குனிந்த தலை நிமிரவேயில்லை. அதற்குப் பிறகு எடுத்த படங்களெல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. வாடிக்கையாளர் படங்களைத் தவறாமல் சிடியில் எழுதி வைப்போம். வீட்டுப் படங்களுக்கு என்ன அவசரம் என்று விட்டிருந்தோம்.

ஒருநாள் காலை, பாலவனத்தத்து வாத்தியார் ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. மகள் கல்யாண ஆல்பத்துக்காக எங்களிடம் வந்துபோகிறவர். ‘நீங்கள் கேட்ட படம்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் எந்தப் படமும் கேட்கவில்லை. இருந்தாலும், கூட வந்த இணைப்பைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. இந்தக் கம்ப்யூட்டர் பழசு என்று நினைத்து, அடுத்ததில் திறந்தேன். அதிலும் வரவில்லை. மூன்றாவதிலும் முயன்றேன். வயர் வழியாகத் தானாகவே ஊர்ந்து போயிருக்கும் புழுவை, நான் கைபிடித்து வேறு அழைத்துப்போயிருக்கிறேன்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. எங்கள் சபைப் போதகர்.

“ஏம்மா, ஸ்டுடியோவுல இருந்து படம் அனுப்பிருக்கியே, தொறந்தா ஒண்ணுமே வரலியே?”

நான் எதையும் அனுப்பவில்லை. வாத்தியார் பெயரில் எங்களுக்கு வந்ததுபோலவே, எங்கள் மெயிலில் இருந்த முகவரிகளுக்கெல்லாம் புழு தன்னையே அனுப்பியிருந்தது. ஸ்டுடியோவிலிருந்து படம் வந்தால் யார்தான் திறக்க மாட்டார்கள்? பந்தல்குடி லாரி ஆபீஸ்காரர் திறந்திருந்தார். அங்கிருந்து அது தூத்துக்குடிக்கே போய்விட்டது.

மதினியின் படங்கள் இருந்த இடத்தைப் பார்த்தேன். பெயர்கள் அப்படியே இருந்தன. உள்ளே படமில்லை. ஒவ்வொரு படத்தின் மேலும் புழு தன்னை எழுதி வைத்திருந்தது. மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார்.

“அழிச்சிருந்தா கூட எடுத்துரலாம்க்கா. இது மேலயே எழுதிருக்கு.”

அண்ணன் என்னைத் திட்டவில்லை. “எஸ்தரு படமும் போச்சா, ஆத்தா?” என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அவர் போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். “எங்க பேருல படம் வந்திருந்தா தொறந்துராதீக.” சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்சம் தயங்குவார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்பார். “உங்க வீட்டு விசேஷத்துக்கு எங்க வீட்டம்மா வந்துச்சுல்ல? உங்காளுக எடுத்த படத்துல எங்கயாச்சும் இருக்கான்னு பாருங்களேன்.”

மதினி எல்லா விசேஷத்துக்கும் அண்ணனோடு போனவர். வீடியோ எடுக்கும்போது லைட்டைப் பிடிப்பது அவர்தான். சிடிகளை ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்தோம். ஊரில் உள்ள மாப்பிள்ளை, பெண், மாமன், மச்சான் எல்லார் முகத்திலும் மதினி பிடித்த வெளிச்சம் இருந்தது. மதினி மட்டும் எதிலும் இல்லை.

கடைசியில் நரிக்குடியிலிருந்து ஒருவர், காதுகுத்து வீட்டில் சொந்தக்காரப் பையன் சின்ன கேமராவில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பந்தியின் மூலையில் மதினி. ஒரு கன்னம் புடைத்திருக்க, வாய் நிறையச் சாப்பாட்டோடு, ‘எதுக்குடா எடுக்குற’ என்பதுபோல் நிமிர்ந்து முறைக்கிறார்.

அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். நினைவு ஜெபத்தன்று போதகர் படத்தைப் பார்த்ததும் சொல்லவந்ததை மறந்து நின்றார். கூட்டத்தில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முதலில் சிரித்தது அண்ணன்தான். மதினி போனபின் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போனவர், முகத்தைக் கழுவிக்கொண்டு வரக் கொஞ்ச நேரமாயிற்று.

அந்தப் படம் இன்றும் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அம்மாவை அந்த ஒரு முகமாகவே அறிந்து வளர்ந்த அண்ணன் மகளுக்கு, இப்போது மாப்பிள்ளை பார்க்கிறோம். போன வாரம் வந்தவர்களில் ஒரு அம்மா கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பொண்ணோட அம்மா எங்க?” என்று கேட்டார்கள். அண்ணன் சுவரைக் காட்டினார். மகள் சின்ன வயதில் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் சொல்லிவரும் பதிலையே சொன்னார்.

“சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. முடிச்சிட்டு வந்துருவா.”