கொள்ளுத்தாத்தா பேரில் ஒரு படகு

அழைப்புமணி மூன்றாவது முறை அடித்தபோது, ஸெனோன் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வெளியே தபால்காரம்மா.

"ஸெனோன் சார், கோர்ட்லேருந்து பதிவுத் தபால். நீங்க உள்ளதான் இருக்கீங்க. செருப்புச் சத்தம் கேட்டுது."

"ஸெனோன் வீட்டுல இல்ல!"

"அப்ப பேசறது யாரு?"

அறுபத்தாறு வயது மூளை அவசரத்துக்குத் தூரமாகப் போய் ஆள் தேடவில்லை. "அவனோட அப்பா."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அதே வீட்டுல இருக்கற பெரியவங்க யார் வேணா வாங்கிக்கலாம். இந்தாங்க, கையெழுத்துப் போடுங்க."

வேறு வழியில்லை. கதவிடுக்கில் கையை மட்டும் நீட்டி 'லுட்விக்' என்று கிறுக்கினார். தபால் சட்டப்படி வந்து சேர்ந்துவிட்டது. பாதி சவரம் செய்த முகத்தோடு குளியலறையிலிருந்து அசல் லுட்விக் எட்டிப் பார்த்தார். அவருக்கு வயது எண்பத்தொன்பது.

"டேய், நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப நீ எதுக்குடா நானாகறே?"

ஸெனோன் உறையைக் கிழித்தார். பயந்தபடியே இருந்தது. மகன் ராடெக் நார்வேக்கு மீன் வெட்டப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பணமும் இல்லை, முகவரியும் இல்லை. விவாகரத்தான மருமகள் இவோனாவின் பெற்றோர் உயிரோடு இல்லை. ஆகவே எட்டு வயது ஓலெக்கின் பராமரிப்புக்கு அப்பாவழித் தாத்தா மாதம் எழுநூறு ஸ்வோத்தி பணம் தர வேண்டுமாம்.

"பேரனுக்கு ஆப்பிள் கொடுக்கலையா? ஊறுகாய் வெள்ளரிக்கா கொடுக்கலையா? நானாக் கொடுக்கறது வேற, கோர்ட் சொல்லிக் கொடுக்கறது வேறப்பா!"

"வெள்ளரிக்காயைக் கால்ல மாட்டிக்கிட்டா பையன் பள்ளிக்கூடம் போவான்?" என்றார் லுட்விக்.

ஸெனோன் கஞ்சர்தான், கெட்டவர் இல்லை. அவருடைய பிரச்சினை படகு. ஆறு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய மோட்டார் படகு. கோடையில் ம்ரொங்கோவோ ஏரியில் அதை ஓட்டும்போதுதான் மனைவி போன துக்கம் அவருக்குக் கொஞ்சம் மறக்கும். மாதாமாதம் எழுநூறு கட்டினால் அதைத்தான் முதலில் விற்க வேண்டிவரும்.

எல்லாவற்றையும் அப்பா பேருக்கு மாற்றிவிட்டால்? ஒன்றுமில்லாதவனிடம் கோர்ட் எதைக் கேட்கும்? யோசனை வந்த வேகத்தில் ஸெனோன் தன்னையே ஒருமுறை கண்ணாடியில் மெச்சிக்கொண்டார்.

பத்திரம் எழுதுபவரின் அலுவலகத்துக்கு லுட்விக் டை கட்டிக்கொண்டு வந்தார். படகு, கார், குடிலோடு கூடிய தோட்டம் மூன்றும் கைமாறின.

"பெரியவரே, என்ன எழுதியிருக்குன்னு புரிஞ்சுதா?"

"பேஷாப் புரிஞ்சுது."

வழக்கு நாளன்று ஸெனோன் நிலவறையிலிருந்து ஒரு கந்தல் கோட்டைத் தேடியெடுத்து மாட்டிக்கொண்டார். நடுத்தர வயதுப் பெண் நீதிபதி அவரை மேலும் கீழும் பார்த்தார். எதிர்ப் பெஞ்சில் இவோனா.

"மாமா, ஓலெக்கோட குளிர்கால ஷூ கடிக்குது. விரலை மடக்கிக்கிட்டு நடக்கறான்," என்றாள்.

ஸெனோனுக்குச் சுருக்கென்றது. 'சரி, தர்றேன்' என்று வாய்வரை வந்துவிட்டது. படகு நினைவுக்கு வந்ததும் விழுங்கிவிட்டார்.

"எங்கிட்ட ஒண்ணுமே இல்லம்மா. பாருங்க இந்தக் கோட்டை."

"பார்க்கிறேன். அதுல என்ன நீலப் பெயின்ட்?" என்றார் நீதிபதி.

"படகுக்கு அடிச்சது." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யார் படகு?"

"அப்பாவோடது!"

"அவருக்கு என்ன வயசு?"

"எண்பத்தொன்பது."

"மோட்டார் படகு ஓட்டறாரா?"

"பிரமாதமா ஓட்டுவார்! காரும் அவரோடதுதான். தோட்டமும் அவரோடதுதான். ரயில்வே பென்ஷன் வேற வருது. எங்க குடும்பத்துலேயே வசதியான ஆளு அவர்தாம்மா!"

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். "நல்லவேளை, சொன்னீங்க. அப்பா கொடுக்கலைன்னா தாத்தா. தாத்தாவால முடியலைன்னா கொள்ளுத்தாத்தா. சட்டம் அப்படியே மேல ஏறிக்கிட்டுப் போகும். அவர் எங்க இருக்காரு?"

லுட்விக் வராந்தாவில் உட்கார்ந்து முட்டை வைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ஸெனோன் பதறி இரண்டு கையையும் ஆட்டினார்.

"அவரைக் கூப்பிடாதீங்கம்மா! பாவம், ஞாபகமே கிடையாது. என்னையே யாருன்னு கேட்பார்."

"அப்படியா? ஞாபகம் இல்லாதவர்கிட்ட போட்ட பத்திரம் எப்படிச் செல்லும்? எல்லாம் பழையபடி உங்க சொத்துதான்னு எழுதிக்கவா?"

"ஐயோ, ஞாபகம் இருக்கு! தேதி, கிழமை, மணி எல்லாம் இருக்கு!"

"அப்ப கூப்பிடலாம்."

லுட்விக் மீசையில் ஒட்டியிருந்த முட்டையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். நீதிபதிக்குத் தலை வணங்கினார். இவோனாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஸெனோன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, வாயைத் திறக்காதீங்க," என்று முணுமுணுத்தார்.

"விடுடா." லுட்விக் நீதிபதி பக்கம் திரும்பினார். "மாசா மாசம் எழுநூறு என் பென்ஷன்லேருந்து தர்றேம்மா. காரும் தோட்டமும் படகும் போன வெள்ளிக்கிழமையே கொள்ளுப்பேரன் பேருக்கு எழுதியாச்சு. படகுல வாரத்துக்கு ஒருநாள் தாத்தாவையும் ஏத்திக்கறேன்னு பையன் பெரிய மனசு பண்ணிச் சொல்லியிருக்கான்."

ஸெனோன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கோட்டின் முதுகுத் தையல் பர்ரென்று பிரிந்தது. இவோனா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

நீதிபதிக்கே குரல் இளகிவிட்டது. "ஐயா, உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல. ஆனா மனுவுல என்ன இருக்குன்னு தெரியாம நீங்க ஒத்துக்கக் கூடாது. வாசிச்சுக் காட்டட்டுமா?"

"எதுக்கும்மா சிரமம்? இவோனாவுக்கு அந்த மனுவை எழுதிக் கொடுத்ததே நான்தானே."