'ஏனைய இடங்கள்'

குற்றத்தை ஒழிக்கப் பொலிசும் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம். நல்லதொரு படிவமும் சண்முகலிங்கமும் போதும். கனடாவில், ஸ்காபரோவிலுள்ள கல்லூரியொன்றில் அவர் பாதுகாப்பு அறிக்கை அதிகாரியாக அமர்ந்த நாள் தொட்டு, 'வளாகத்துக்குள் நடந்த குற்றங்கள்' என்ற கட்டத்தில் ஆறு வருடமாகப் பூச்சியம். அந்தப் பூச்சியத்தை அவர் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

படிவத்தில் நாலு கட்டங்கள்: வளாகம், விடுதி, பொதுவழி, 'ஏனைய இடங்கள்'. முதல் மூன்றும் ஆண்டறிக்கையில் அச்சாகும். நாலாவதுக்கு மட்டும் எப்படியோ தாளில் இடம் போதாமல் போய்விடும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய், கையில் கட்டுப் போட்டபடி அஃபீபா என்ற மாணவி வந்தாள். முதல்நாள் மாலை வகுப்பு முடிந்து, நூலகத்தின் பின்பாதையால் பஸ் தரிப்புக்குப் போனவளை எவனோ தள்ளி விழுத்திவிட்டு லப்டொப் பையோடு ஓடிவிட்டான். அங்கே ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறது, விளக்குத்தான் இல்லை. மாலை வகுப்புள்ள நாளெல்லாம் அவளுக்கு அதுதான் வழி. அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது, பை போனால் போகட்டும், ஒரு விளக்குப் போட்டுத் தாருங்கள் என்றாள். கல்லூரி விதிப்படி, ஆண்டறிக்கையில் குற்றம் அச்சான இடத்துக்கு மட்டுமே புது விளக்கு.

சண்முகலிங்கத்தின் மனம் உருகிப்போனது. அளவு நாடாவோடு பனிக்குள் இறங்கினார்.

"விழேக்க தலை எந்தப் பக்கம், பிள்ளை?"

"றோட் பக்கம், அங்கிள்."

"கால்?"

"லைப்ரரி பக்கம்."

"பை?"

"பை கையில. கை... ஐ டோன்ட் நோ, நடுவில."

குனிந்து அளந்தார், கவலையோடு நிமிர்ந்தார். தலை மாநகரசபைக்குரியது, கால் கல்லூரிக்குரியது, பறிபோன பையோ இரண்டிலும் சேராதது. "உது ஒரு இடத்திலயும் நடக்கேல்லை, பிள்ளை" என்று ஆறுதல் சொல்லி, நாலாவது கட்டத்தில் எழுதினார்.

மறுநாள் அஃபீபா அந்தக் கம்பத்திலேயே ஒரு தாளை ஒட்டினாள்: 'இங்கே என்னைத் தள்ளி விழுத்தினார்கள். தனியாக வராதீர்கள்.' அரைமணி நேரத்தில் காவலாளி மாக்கஸ் அதைக் கிழித்துக்கொண்டு வந்தான். சண்முகலிங்கம் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"கொலிச் சொத்தில ஆரைக் கேட்டு ஒட்டினனீர்?"

"அது உங்கட இடமா, அங்கிள்?"

"ஓம், பின்ன? கம்பத்தைச் சுத்தி ஆறு மீற்றரும் எங்கட இடம்."

"நான் விழுந்ததும் அந்தக் கம்பத்தடியிலதான்."

சண்முகலிங்கம் தலையாட்டி ஒப்புக்கொண்டார். நேர்மையான மனிதர். ஆறு வருடப் பூச்சியத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, புதுப் படிவமொன்றை எடுத்து, முதன்முறையாக முதலாவது கட்டத்தில் எழுதினார்.

இவ்வாண்டு அறிக்கை வந்துவிட்டது. வளாகத்துக்குள் நடந்த குற்றங்கள்: ஒன்று. இடம்: நூலகப் பின்பாதை. குற்றம்: அனுமதியின்றி அறிவித்தல் ஒட்டியமை. செய்தவர்: அஃபீபா.

விதிப்படி விளக்கும் வந்துவிட்டது. இனி யாரும் எதையும் ஒட்டிவிடாதபடி, பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது கம்பத்துக்கு வெளிச்சம் அடிக்கிறது. அஃபீபா முன்போலவே இருட்டில் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். அவள் போகும் வழி இன்னும் 'ஏனைய இடங்களில்'தான் இருக்கிறது.