எல்லைக்கோட்டு மருமகன்

"பந்து பிடிக்கிறது ஒரு உத்தியோகமோ?" என்று கேட்டார் பீற்றர். அன்று காலையில் இந்தக் கேள்வி எத்தனையாவது தடவை வருகிறது என்று எண்ணுவதை வீட்டில் எல்லோரும் விட்டிருந்தார்கள்.

மரினா பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே சொன்னாள். "பிடிக்கிறது மட்டுமில்லை அப்பா. எறியவும் வேணும். அடிக்கவும் வேணும்."

"நல்லது. மாப்பிள்ளை என்ன செய்யிறார் எண்டு கோயிலிலை ஃபாதர் கேட்டால், எறிஞ்சு அடிச்சுத் திரியிறார் எண்டு சொல்லுறன்."

மாப்பிள்ளை என்று பீற்றர் கரித்துக்கொட்டிய ஜெரோசன் லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவன். அமெரிக்காவில் பேஸ்போல் ஆடுகிறான். பெரிய லீக்கில் அல்ல. பெரிய லீக்கில் இருந்து எப்போது கூப்பிடுவார்கள் என்று பையன்கள் வருடக்கணக்காகக் காத்துக்கிடக்கும் சின்ன லீக்கில். அதிலும் மைதானத்தின் கடைசியில், எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்கிறவன். சீசன் முடிந்து ஊருக்கு வந்திருக்கிறான். அன்று பின்னேரம் தன் பழைய லண்டன் கிளப்புக்காக ஒரு சிநேகித ஆட்டம் ஆடப்போகிறான். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று மரினா சொல்லிவிட்டாள். இதையெல்லாம் விட பீற்றரை எரித்தது, மாதா கோயிலில் யாரிடம் விசாரித்தாலும் "நல்ல பெடியன்" என்றே சொன்னதுதான். ஒரு குறை சொல்ல ஒரு மனிதர் இல்லை. என்ன சனமோ!

"அப்பா, நீங்கள் இன்னும் அவனைக் கண்ணாலையும் காணேல்லை. ஒரு நியாயமான குறை கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ. நான் இந்தப் பேச்சையே விடுறன்."

"சத்தியமாவோ?"

"சத்தியமா."

"இண்டைக்கே போறன். ஒரு குறை என்ன, ஒரு சாக்கு நிறையக் கொண்டுவாறன்."

அடுப்படியில் நின்ற மேரிறோஸ் திரும்பினாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவள். ஞாயிற்றுக்கிழமையிலும் அடுப்பு அவளை விடுவதில்லை. "வேண்டாமப்பா, போகாதேங்கோ. மழை வரும். அந்த விளையாட்டு உங்களுக்கு விளங்கவும் மாட்டுது."

பீற்றர் கார்ச் சாவியை எடுத்துவிட்டார். "எனக்கோ விளங்காது? கொலிஜ் கிரிக்கெட் ரீமிலை பவுண்டரியிலை நிண்டவன் நான்!"

மனைவி சொன்னதை அப்படியே செய்த பாவம் அவர் தலையில் ஒருநாளும் ஏறியதில்லை. மனைவி மட்டும் அல்ல. போனில் வழி சொல்லும் பெண் "வலது பக்கம் திரும்புங்கள்" என்றதும் "உனக்கென்ன தெரியும்?" என்று இடது பக்கம் திருப்பினார். தென் லண்டன் டூட்டிங்கில் இருந்து ஆட்டம் நடக்கும் வட லண்டன் பூங்காவுக்குப் போகக் கிளம்பியவர், தேம்ஸ் ஆற்றை மூன்று தடவை கடந்தார்.

சம்பந்தம் விசாரிக்கப் போகிறவன் யாருக்கும் தெரியாமல் போகவேண்டும். அதற்காகத் தொப்பி, மஃப்ளர், தூறல் மழையில் கறுப்புக் கண்ணாடி. மைதானத்து ஓரமாக ஒரு நீள வாங்கில் அவர் வந்து உட்கார, அதில் நாயோடு உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரி எழுந்து வேறு வாங்குக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மனிதர் வந்தார். அத்தனை வாங்குகள் காலியாகக் கிடக்க, நேராக வந்து பீற்றரின் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் வெள்ளையாக, முட்டை வடிவில் ஒரு கருவி. யாராவது பந்தை அடித்தால் அதைத் திருகிவிடுவார். அது டிக் டிக் என்று ஓடும்.

பீற்றரால் பொறுக்க முடியவில்லை. "என்ன சாமான் இது?"

"டைம் பார்க்கிற கருவி சார். என் பேரு குருமூர்த்தி. அமெரிக்கா கிளப்புக்காக ஆட்டக்காரங்களை மதிப்பிட வந்திருக்கேன். அதோ கடைசியில நிக்கிறான் பாருங்க, ஜெரோசன். அவனை மேல அனுப்பலாமா, வீட்டுக்கு அனுப்பலாமான்னு நான்தான் சொல்லணும்."

பீற்றருக்கு மாதாவே நேரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. "ஆள் எப்பிடி?"

"சுமார்தான் சார்."

சுமார்! கேட்கவே இனிமையாக இருந்தது. "என்ன குறை எண்டு விபரமாச் சொல்லுங்கோ."

"பந்தை அடிச்ச பிறகுதான் ஓடத் தொடங்குறான்."

பீற்றர் தலையாட்டினார். பிறகு ஆட்டிய தலையை நிறுத்தினார். "அடிக்க முன்னம் எங்கை எண்டு ஓடுறது?"

"அமெரிக்காவுல அப்படித்தான் எதிர்பார்ப்பாங்க."

அப்போது ஒரு பந்து ஜெரோசனிடம் போனது. அவன் எடுத்த எடுப்பில் எறிந்தான். பந்து நிலத்தில் படாமல் அவ்வளவு தூரமும் பறந்து வந்து, ஓடி வந்தவனை ஆட்டமிழக்கச் செய்தது. பீற்றர் தன்னை அறியாமல் கண்ணாடியைக் கழற்றினார்.

"கையில குறை இருக்கு" என்றார் குருமூர்த்தி.

"குறையோ? அந்த எறியை நீர் கண்டனீரோ?"

"கண்டேன். ரொம்ப வேகம். பிடிக்கிறவன் கை என்ன ஆகும்? இரக்கம் இல்லாத பையன்."

பீற்றரின் கோபத்துக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு எரிய ஒரு ஆள் வேண்டும். ஆள் யார் என்பதில் அதற்குப் பெரிய அக்கறை இல்லை. காலையில் ஜெரோசன் மேல் எரிந்துகொண்டிருந்தது இப்போது மெல்லப் பக்கத்தில் இருந்தவர் மேல் சாய்ந்தது.

சண்டை வேண்டாம், நயமாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று பீற்றர் போய் இரண்டு தேநீர் வாங்கி வந்தார். குருமூர்த்தி ஒரு வாய் குடித்தார். "சூடும் இல்ல, சாயமும் இல்ல. அந்தப் பையன் மாதிரியே."

"உமக்கு இந்த விளையாட்டிலை அரிச்சுவடியாவது தெரியுமோ?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்! நான் கோச்!"

"எந்த டீமுக்கு?"

"அது உமக்கேன்!"

புள்ளிப் பலகைக்குப் பக்கத்தில் இருந்த பிரீத்தா என்ற பெண் ஓடிவந்தாள். "அங்கிள், பிளீஸ். பிளேயர்ஸுக்குக் கேக்குது."

பீற்றர் வாயை மூடினார். அதற்குள் ஒரு பந்து வேலிப் பக்கமாகப் பறந்தது. எட்டவே முடியாத பந்து. எந்தக் கணக்கிலும் சேராத சிநேகித ஆட்டம். வேறு யாராக இருந்தாலும் போனால் போகட்டும் என்று விட்டிருப்பான். ஜெரோசன் ஓடினான். பாய்ந்தான். சேற்றில் சறுக்கிக்கொண்டு போய் வேலியில் முட்டி நின்றான். எழும்பியபோது முகம் தெரியவில்லை. கையுறைக்குள் பந்து தெரிந்தது.

பீற்றர் வாங்கின் மேல் ஏறி நின்று விசிலடித்துக்கொண்டிருந்தார்.

"சட்டையெல்லாம் அழுக்கு" என்றார் குருமூர்த்தி நிதானமாக. "வளர்ப்பு சரியில்ல சார். இவனுக்குப் பொண்ணு குடுக்கப்போறவன் யாரோ, நல்ல ஏமாளி."

அவ்வளவுதான்.

"ஆரையடா ஏமாளி எண்டுறாய்? அவன் என்ரை மருமோன்! என்ரை மரினாவைக் கட்டப்போறவன்! அவனைக் குறை சொல்ல நீ ஆர்?"

வட லண்டன் முழுவதும் கேட்டிருக்கும். ஜெரோசனுக்கும் கேட்டது. அவன் திகைத்துத் திரும்பிப் பார்த்த அதே நேரம், கடைசிப் பந்து, குழந்தையும் பிடிக்கக்கூடிய பந்து, அவன் பின்னால் மெத்தென்று புல்லில் விழுந்தது. எதிரணி துள்ளிக் குதித்தது. ஆட்டம் போய்விட்டது.

"சொன்னேனே" என்றார் குருமூர்த்தி. "கவனமும் பத்தாது."

பீற்றர் அந்தக் கருவியைப் பறித்துத் தன் கோட்டுப் பைக்குள் திணித்தார். "இதை வைச்சுத்தானே என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையை அளக்கிறாய்? இனி அள, பாப்பம்!"

"சார், குடுத்துடுங்க சார். அது என்னோடது இல்ல!"

"அமெரிக்காக்காரனை வந்து என்னட்டை வாங்கச் சொல்லு!"

சேறு சொட்ட ஜெரோசன் வந்து நின்றான். "அங்கிள், நீங்க சொன்னது... சீரியஸாவா?"

கோபத்தில் சொன்ன ஒரு சொல்லைக்கூடப் பீற்றர் இதுவரை திருப்பி எடுத்ததில்லை. இப்போது தொடங்க அவருக்கு மனம் வரவில்லை. எடுக்க விருப்பமும் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

"அங்கிள் என்ன அங்கிள்? மாமா எண்டு சொல்லு. காரிலை ஏறு."

"மாமா, முழுக்கச் சேறு. சீட்..."

"ஏறடா எண்டுறன்!"

அந்தக் காருக்குள் ஒரு பிஸ்கட் சாப்பிடக்கூட இதுவரை ஒருவருக்கும் அனுமதி கிடைத்ததில்லை.

வீட்டு வாசலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "என்ரை முடிவு இதுதான். வாற வருஷம் கலியாணம். ஆரும் மறுத்துக் கதைக்கக்கூடாது. முக்கியமா நீர்!"

"நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள் மேரிறோஸ், கோழிக்கறியைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டபடி. "நீங்கள் எப்ப என்ரை சொல்லுக் கேட்டனீங்கள்?"

"கேட்டிருந்தால் இந்தத் தங்கமான பெடியனை இழந்திருப்பம்!"

வெற்றிக் கேடயம் போல அந்தக் கருவியை மேசை நடுவில் வைத்தார். மரினா அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவசரமாகச் சோற்றை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வாசல் மணி அடித்தது. "இருங்கோ, நான் பாக்கிறன்" என்று மேரிறோஸ் வழக்கத்துக்கு மாறாக ஓடினாள். அந்த ஓட்டம் பிடிக்காமல் பீற்றரும் கறிக்கையோடு பின்னால் போனார்.

மழையில் நனைந்து நின்ற குருமூர்த்தி, கதவுக்குப் பின்னால் நின்ற பீற்றரைக் காணவில்லை.

"அக்கா, நீங்க சொல்லச் சொன்ன குறையெல்லாம் ஒண்ணு விடாம சொல்லிட்டேன். சார்தான் டைமரைப் பிடுங்கிட்டு வந்துட்டாரு, வாங்கிக் குடுங்க. காலையில நம்ம ஆஸ்பத்திரிக் கிச்சன்ல முட்டை அவிக்கணும்ல?"